மனநல மருத்துவத் துறை நூலகம்: எதை வாங்குவது, எதை அலமாரியிலிருந்து எடுப்பது

மனநல மருத்துவத் துறையின் அலமாரியில் இருக்கும் பழைய பதிப்பு இடத்தை அடைப்பதோடு நிற்பதில்லை. மாத்திரைச் சீட்டு வரைக்கும் போய்விடும். மனச்சோர்வுக்குத் தரும் சிட்டலோபிராம் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதயத் துடிப்பு குளறும் ஆபத்தைக் காட்டி, நாளொன்றுக்கு 40 மி.கி.க்கு மேல் கூடாது என்றது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 20 மி.கி. தான். அதற்கு முன் அச்சான நூல்களில் 60 மி.கி. வரை என்றிருக்கும். இரவுப் பணியில் இருக்கும் முதுநிலை மாணவர் கைக்கு எட்டுவதைத்தான் பிரிப்பார். ஆகவே ஒரு நூலை வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது எத்தனை ஆண்டு தாங்கும் என்பதே.

மிகச் சீக்கிரம் காலாவதியாவது மருந்தளவு நூல்கள். லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனைப் பெயரில் வரும் ‘மாட்ஸ்லி பிரிஸ்கிரைபிங் கைட்லைன்ஸ்’ 2018, 2021, 2025 எனச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பதிப்பு காண்கிறது. ஆறு முதுநிலை மாணவர்கள் உள்ள துறைக்கு இரண்டு படிகள் வேண்டும்: ஒன்று நூலகத்தில், ஒன்று வார்டு பணியறையில். புதுப்பதிப்பு வந்த அன்றே பழையது இரண்டையும் எடுத்துவிடுங்கள். பணியறைப் படியை மறந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பழைய அளவு அங்கிருந்துதான் புறப்படும். இது பிரிட்டன் நூல் என்பதால், அதிலுள்ள சில மருந்துகள் நம் மருந்தகத்தில் கிடைக்காது. மருந்தகக் கையிருப்புப் பட்டியலை முன்னட்டையின் உட்புறம் ஒட்டிவைத்தால் நேரம் மிச்சம்.

அடுத்தது நோய் வகைப்பாடு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலான டி.எஸ்.எம்.-5-டி.ஆர். 2022இல் வந்தது, 2013 பதிப்பில் இல்லாத ‘நீடித்த துயரக் கோளாறு’ இதில் சேர்ந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி.-11இன் மருத்துவ விளக்க நூலை அந்நிறுவனம் 2024இல் தன் இணையதளத்தில் இலவசமாகவே வெளியிட்டது. அதற்குக் கொள்முதல் பணம் ஒதுக்க வேண்டாம். துறைக் கணினியில் ஒரு படியும், அச்செடுத்து இரண்டு பாகமாகத் தைத்த ஒரு படியும் போதும். ஐ.சி.டி.-10இன் நீல அட்டை நூலை (1992) இப்போதே கழித்துவிடாதீர்கள். பழைய கேஸ் ஷீட்டில் எஃப்20 (ஸ்கிசோஃப்ரினியா எனும் மனச்சிதைவு நோயின் எண்) என்றிருப்பதைப் படிக்க அது வேண்டும். புதிய ஏற்பாட்டில் ஸ்கிசோஃப்ரினியாவின் எண் 6ஏ20. ஆனால் முதல் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியாக வேண்டும்: “ஸ்கிசோஃப்ரினியாவின் உட்பிரிவுகள் ஐ.சி.டி.-11இல் இல்லை. பாலியல் நாட்டம் தொடர்பாக எஃப்66இன் கீழ் இருந்தவை நீக்கப்பட்டன.” இந்தச் சீட்டு இல்லாத நூல், தன்பால் ஈர்ப்புடைய ஒருவரை இன்றும் நோயாளியாக எழுத வைக்கும். இதில் சமரசமே கூடாது.

சட்ட நூல்களிலும் இதே கவனம் தேவை. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் ரத்தாகிவிட்டது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தை மட்டும் விளக்கும் நூல் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் எடுத்துவிடுங்கள். புதிய சட்டத்தின் மூலப்பாடத்தை அச்செடுத்து, மூன்று இடங்களில் வண்ணத்தாள் வையுங்கள்: அவசர சிகிச்சைக்கு 72 மணி நேர வரம்பு சொல்லும் பிரிவு 94, மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாத மின் சிகிச்சையையும், சங்கிலியிடுவதையும் தடுக்கும் 95, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகக் கொள்ளச் சொல்லும் 115. நள்ளிரவில் அதிகம் தேடப்படுபவை இவைதான். சங்கிலி என்ற சொல்லின் கனம் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில், சங்கிலியால் கட்டப்பட்ட நிலையிலேயே 28 பேர் தீயில் இறந்தார்கள்.

பாடநூல்கள் நிதானமாக மூப்படைபவை. ‘கப்லான் அண்ட் சாடாக் சினாப்சிஸ்’ மூன்று படிகள் இருக்கட்டும். அதன் பெரிய தொகுதி ஒரு செட் போதும். அதை வெளியே கொடுக்க வேண்டாம். ஒரு பாகம் காணாமல் போனாலும் செட்டே பயனற்றதாகிவிடும்.

நோய்க்குறி விளக்க நூல்கள்தான் நீண்ட ஆயுள் கொண்டவை. பணத்தைத் தயங்காமல் செலவிட வேண்டிய இடமும் இதுதான். ‘ஃபிஷ்ஸ் கிளினிக்கல் சைக்கோபேத்தாலஜி’யை இரண்டு மாணவருக்கு ஒரு படி என்ற கணக்கில் வாங்குங்கள், சிறிய நூல், ஒரு வாரத்தில் படித்து முடிக்கலாம். மனநல மருத்துவரும் தத்துவ அறிஞருமான கார்ல் யாஸ்பர்ஸ் 1913இல் ஜெர்மனில் எழுதிய ‘ஜெனரல் சைக்கோபேத்தாலஜி’யின் ஆங்கில வடிவம் ஒன்று இருக்கட்டும். மருந்துகள் மாறும், எண்கள் மாறும். நோயாளி சொல்வதைக் கேட்டு மாயக்காட்சியையும் பிரமையையும் பிரித்தறியும் வேலை அப்படியே இருக்கிறது. பண நெருக்கடி வந்தால் பெரிய தொகுதியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள், இவற்றைத் தள்ளாதீர்கள்.

ஆர்டர் எழுதும்போது தலைப்போடு நிறுத்தாமல் ஐ.எஸ்.பி.என். (நூலின் தனி அடையாள எண்), பதிப்பு எண், ஆண்டு மூன்றையும் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் கையிருப்பில் தேங்கிய முந்தைய பதிப்புதான் வந்து சேரும். நூல் வந்ததும் நூற்சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றும் முன் பதிப்புரிமைப் பக்கத்தைப் பாருங்கள். ‘மறு அச்சு 2024’ என்றிருந்தால் அது புதுப்பதிப்பு அல்ல. அட்டையிலும் உள்ளேயும் ஐ.எஸ்.பி.என். ஒன்றாக இருக்கிறதா, படங்கள் தெளிவாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். நகலெடுத்து விற்கும் திருட்டுப் பதிப்பில் தசமப் புள்ளி அழிந்துபோகும்; ஹாலோபெரிடால் 0.5 மி.கி. என்பது 05 என்றோ 5 என்றோ தெரியும். அப்படி ஒரு படி வந்தால் விலையைப் பாராமல் திருப்பி அனுப்புங்கள்.

அடுக்கும் முறைக்கு, பொது நூலகங்களில் வழங்கும் டியூவி பகுப்பு எண்கள் இங்கே சரிப்படாது. பாதி அலமாரி 616.89இலேயே குவிந்துவிடும். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் பகுப்பு விரிவானது: டபிள்யூ.எம். 141 நோயறிதல், 203 ஸ்கிசோஃப்ரினியா, 270 போதைப் பழக்கம், 420 உளச்சிகிச்சை; குழந்தை மனநலம் டபிள்யூ.எஸ். 350. பட்டியலிட கோஹா மென்பொருள் இலவசம்.

உளச்சோதனைக் கையேடுகள், ரோர்ஷாக் மைக்கறை அட்டைகள், பினே-காமத் நுண்ணறிவுச் சோதனைப் பெட்டி ஆகியவை பொது அலமாரிக்கு வரக் கூடாது. கேள்விகள் வெளியே பரவினால் சோதனையே செல்லாததாகிவிடும். பூட்டிய பீரோவில் வைத்து, சாவியை மருத்துவ உளவியலாளரிடம் கொடுங்கள். திரும்பி வரும்போது துண்டுகளை எண்ணி வாங்குங்கள். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ.-9 வினாத்தாள் போன்ற சிலவற்றைத் தடையின்றி நகலெடுக்கலாம். நினைவாற்றல் முதலியவற்றைச் சோதிக்கும் எம்.எம்.எஸ்.இ. அப்படியல்ல, அதற்கு உரிமம் வேண்டும்.

ராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் வழக்கமான ஏற்பாடு போதும்: சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இரும்பு அலமாரி, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை தட்டித் துடைப்பது.

ஜனவரியில் ஒரு நாள் ஒதுக்கி அலமாரி முழுதும் பாருங்கள். ஐந்தாண்டு தாண்டிய மருந்தளவு நூல், ரத்தான சட்டத்தின் நூல் இரண்டும் கழிவுப் பட்டியலுக்குப் போக வேண்டும். வரலாற்றுக்காக வைத்திருப்பவை (1980இன் டி.எஸ்.எம்.-III போன்றவை) தனித் தட்டில், முதுகில் சிவப்பு நாடாவோடு இருக்கட்டும்.

கடைசியாக ஒரு கோடு போட்ட நோட்டு. எந்தப் பதிப்பகமும் விற்காத நூல் அது. “நெஞ்சு படபடன்னு வருது”, “நரம்புத் தளர்ச்சி”, “தாது போகுது”, “மனசு ஒரு மாதிரியா இருக்கு” என்று வெளிநோயாளிப் பிரிவில் கேட்கும் சொற்களை, எந்த ஊர்ப் பக்கம், என்ன பொருளில் சொன்னார்கள் என்ற குறிப்போடு மாணவர்கள் அதில் எழுதட்டும். நோயாளியின் பெயரோ அடையாளமோ அதில் வரக் கூடாது. வேறு மாவட்டத்திலிருந்து புதிதாகச் சேரும் மாணவருக்கு ஃபிஷ்ஷோடு இந்த நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.