வரைபடம் வந்து சேராத சைட்

அலுவலகம் தஞ்சாவூரில், கட்டடம் எழும் சைட் மன்னார்குடி தாண்டி வயல் நடுவே. அலுவலகத்தில் ஃபைபர் பிராட்பேண்ட். சைட்டில் தகரக் கொட்டகைக்குள் 4ஜி சிம் போட்ட ரவுட்டர்.

இரண்டையும் விபிஎன் (இணையத்துக்குள் ஒரு தனிப் பாதை) வழியாக இணைக்கப் பார்த்தேன். சைட் ரவுட்டருக்குக் கிடைத்த முகவரி 100.64 என்று ஆரம்பித்தது. பல சந்தாதாரர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது; வெளியிலிருந்து அழைக்க முடியாது. சரி என்று அலுவலகத்துக்கு நிலையான ஐபி வாங்கி, சைட்டே அழைக்கும்படி வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருளை அமைத்தேன். இணைப்பு அறாமலிருக்க 25 விநாடிக்கு ஒரு சின்ன பாக்கெட் (தரவுப் பொட்டலம்) போகும்.

அப்புறம்தான் பெரிய தலைவலி. வருகைப் பதிவு வருகிறது, செய்தி போகிறது, வரைபடக் கோப்பு மட்டும் பாதியில் நின்றுவிடும். கம்பி கட்டும் மேஸ்திரி, வியர்வையில் நனைந்த பழைய தாளைக் கையில் பிடித்தபடி, "சார், பீமுக்குப் பன்னிரண்டு எம்எம் கம்பியா பதினாறா?" என்று கேட்டு நின்றார். தப்பான கம்பி கான்கிரீட்டுக்குள் போய்விட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் சைட்டில் உட்கார்ந்து, விபிஎன்னுக்கு வெளியே, பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்ற கட்டளையோடு பிங் என்ற சோதனைச் செய்தி அனுப்பி அளவைக் குறைத்துக்கொண்டே வந்தேன். 1373 பைட் போகவில்லை, 1372 போனது. பாக்கெட்டின் முன்னால் ஒட்டும் முகவரித் தலைப்புக்கான 28ஐச் சேர்த்தால் பாதையின் எல்லை 1400. வயர்கார்ட் தன் உறைக்கு 80 வரை எடுக்கும். அதன் எம்டியுவோ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1420 என்றே இருந்தது; கோப்பின் பெரிய பாக்கெட்டுகள் உறையோடு சேர்ந்து 1400ஐத் தாண்டி வழியிலேயே நின்றன. இரு முனையிலும் 1320 ஆக்கினேன். கோப்பு நிற்காமல் இறங்கியது.

மழைக்காலத்தில் சிக்னல் போகுமே என்று, கொட்டகையிலேயே ஒரு சிறிய கணினி வைத்து, இரவில் வரைபடங்கள் அதில் நகலாகும்படி செய்திருக்கிறேன். மேஸ்திரி காலையில் முதலில் திறந்து பார்ப்பது இப்போது அதைத்தான்.