மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கினால்: மட்டம் பார்ப்பதிலிருந்து வாட்டம் திருத்துவது வரை

மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் மாடியில் குட்டை நின்றால், பலரும் முதலில் ஓடுவது பெயின்ட் கடைக்குத்தான். நீர்க்கசிவுப் பூச்சு ஒரு டப்பா வாங்கி இரண்டு கை அடித்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். அடுத்த மழையில் அதே இடத்தில் அதே குட்டை நிற்கும். பூச்சால் தளத்தின் மட்டம் மாறாது. வாட்டம், அதாவது தண்ணீர் வடிகுழாய்க்கு ஓடுவதற்கான சரிவு, கெட்டிருக்க வேண்டும், அல்லது வடிகுழாயின் வாய் தளத்தைவிட மேடாக இருக்க வேண்டும், அல்லது குழாய் அடைத்திருக்க வேண்டும். இவற்றில் எது என்று தெரியும்வரை ஒரு கரணை கலவைகூடப் போடாதீர்கள். கீழே உள்ளவை கான்கிரீட் தளத்துக்கானவை.

எல்லா ஈரமும் தேங்கல் இல்லை. 2, 3 மி.மீ. ஆழத்தில் அங்கங்கே நின்று ஒரே நாளில் உலர்ந்துவிடும் தண்ணீரால் தளத்துக்குக் கெடுதி எதுவும் இல்லை. மழை நின்று 48 மணி நேரத்துக்குப் பிறகும் நிற்பதுதான் திருத்த வேண்டிய தேங்கல். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. தண்ணீர் என்றால் 1 கிலோ எடை. 20 சதுர மீட்டரில் 25 மி.மீ. நின்றால் அரை டன். அந்தப் பாரம் அடிக்கடி ஏறினால் ஏற்கெனவே தொய்ந்த தளம் இன்னும் தொய்யும், குழி ஆழமாகும், அதில் இன்னும் தண்ணீர் சேரும். கொசு முட்டை பொரிந்து பறப்பதற்கு ஒன்றரை வாரம்கூட வேண்டாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

முதலில் குழாய் வாயைப் பாருங்கள்

வடிகுழாய் வாயருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். வாயைச் சுற்றி வளையமாக வண்டல் காய்ந்து வெடித்திருந்தால், தண்ணீர் வாய்வரை வந்து உள்ளே இறங்க முடியாமல் நின்று வற்றுகிறது என்று பொருள். விளிம்பில் கத்தி முனையால் கீறிப் பாருங்கள். பழைய பூச்சு, அதன் மேல் இன்னொரு பூச்சு, நடுவில் வலைத்துணி, தள ஓடு ஒட்டிய கலவை என்று அடுக்கடுக்காக 8, 10 மி.மீ. ஏறியிருக்கும். அந்த விளிம்புதான் அணை. மாடி முழுக்க வாட்டம் சரியாக இருந்தும் வாயருகே மட்டும் தண்ணீர் நின்றால், பெரும்பாலும் காரணம் இதுதான். இதைச் சரிசெய்ய அரை நாள் வேலை போதும்.

பிறகு 20 லிட்டர் வாளித் தண்ணீரை வாயில் ஒரே மூச்சில் ஊற்றுங்கள். தடையின்றி இறங்க வேண்டும். 'களக் களக்' என்று சத்தமிட்டு மெதுவாக இறங்கினால் கீழே அடைப்பு இருக்கிறது. மேலிருந்து கம்பியால் குத்தினால் அடைப்பு வளைவில் போய் இன்னும் இறுகும். தரை மட்டத்து வளைவிலுள்ள திறப்பைக் கழற்றிக் கீழிருந்து மேல் நோக்கிச் சுத்தம் செய்யுங்கள்.

குழாயின் எண்ணிக்கையையும் கணக்கிடுங்கள். மணிக்கு 100 மி.மீ. கொட்டும் மழைக்கு 4 அங்குலக் குழாய் ஒன்றுக்குச் சுமார் 40 சதுர மீட்டர் மாடி என்று வைத்துக்கொள்ளலாம். மாடி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இரண்டு வழி வேண்டும். ஒன்று அடைத்தால் இன்னொன்று காக்கும்.

குழியை வரைபடமாக்குங்கள்

இதற்கு வேண்டியது ஒரு சாக்கட்டி, ஒரு ஸ்கேல், கொஞ்சம் பொறுமை. மழை விட்டதும் குட்டையின் ஓரம் முழுக்கச் சாக்கட்டியால் கோடு இழுங்கள். மூன்று நான்கு மணி நேரம் கழித்துத் தண்ணீர் சுருங்கியிருக்கும், அந்த ஓரத்திலும் ஒரு கோடு. இப்படி நான்கைந்து கோடுகள் விழுந்தால், குழி எந்தப் பக்கம் சரிகிறது, அடி எங்கே என்று கண்ணுக்கே தெரியும். ஆழமான இடத்தில் ஸ்கேலை நிறுத்தி அளவைத் தரையிலேயே எழுதிவிடுங்கள். மழை நாளில் இதைச் செய்துவிட்டால், வேலை செய்யும் வெயில் நாளில் ஊகிக்க வேண்டியிருக்காது.

மாடி முழுவதற்கும் மட்டக்குழாய் (மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்) பிடிக்க வேண்டும். உள்ளே ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக் கூடாது, இருந்தால் காட்டும் மட்டமே பொய். வடிகுழாய் வாயைப் பூஜ்யமாக வைத்து, மீட்டருக்கு ஒரு புள்ளியாக எவ்வளவு மேடு, எவ்வளவு பள்ளம் என்று குறியுங்கள். 100க்கு 1 வாட்டம், அதாவது மீட்டருக்கு 10 மி.மீ., குறைந்தபட்சம். சொரசொரப்பான தளமென்றால் மீட்டருக்கு 15 மி.மீ. நல்லது.

ஒன்றை இங்கே கவனியுங்கள். குழாய்களைத் தூண் ஓரமாக, மூலையில் வைப்பதே வழக்கம். தளமோ தூண்களுக்கு நடுவில்தான் தொய்கிறது. ஆகவே நாளடைவில் தண்ணீர் மூலைக்குப் போகாமல் நடுவில் நிற்கும். நடுக்குட்டைக்கு நேர் கீழே உட்கூரையில் விரிசலோ, கம்பித் துருவின் பழுப்புக் கறையோ, காரை உதிர்ந்த இடமோ இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்த நிலையில் மேலே கலவை போட்டுக் குழியைத் தூர்ப்பது தொய்ந்த தளத்தின் மேல் இன்னும் பாரம் ஏற்றுவதாகும். கட்டமைப்புப் பொறியாளர் பார்த்த பிறகே எதுவும் செய்ய வேண்டும்.

வாயைத் தாழ்த்துவது

வாயைச் சுற்றி 45 செ.மீ. சதுரமாகக் கட்டிங் மெஷினால் கோடு போட்டு, மேல்பூச்சை மட்டும் கொத்தி எடுங்கள். கான்கிரீட்டையோ கம்பியையோ தொடக் கூடாது. குழாய் மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அறுத்துத் தாழ்த்துங்கள். சதுரத்தின் ஓரத்திலிருந்து வாய்க்கு 15 முதல் 25 மி.மீ. சரிவு வரும்படி புதுக் கலவையால் கிண்ணம் போல இழையுங்கள். பூச்சும் வலைத்துணியும் குழாயின் உட்சுவரில் 5 செ.மீ. இறங்க வேண்டும், விளிம்பிலேயே நின்றுவிடக் கூடாது. மூடி குவிந்த கூடை வடிவில் இருக்கட்டும். தட்டையான சல்லடையை நாலு இலை மூடிவிடும்.

சிறு குழியைத் தூர்ப்பது

சின்னக் குழிகளில் ஒட்டு பெயர்ந்து வருவதற்கு முக்கியக் காரணம் ஓரம்தான். கலவையை ஓரத்தில் கத்தி முனை போல மெலிதாக இழுத்துவிட்டால் அந்த மெல்லிய ஓரம் வெயிலில் சுருண்டு உடைந்து, அடியில் தண்ணீர் புகும். அதனால் குழியின் எல்லையில், வெளிக்கோட்டுக்குச் சற்று அப்பால், 10 மி.மீ. ஆழத்துக்கு வெட்டுக்கோடு போட்டு, உள்ளே கொத்திச் சொரசொரப்பாக்குங்கள். பழைய பூச்சு, பாசி, தூசி எல்லாம் போக வேண்டும். சுத்தியலால் தட்டிப் பார்த்து, பொக்கையாகச் சத்தம் வரும் இடத்தையும் பெயர்த்துவிடுங்கள்.

முதல் நாளே நனைத்து ஊறவிட்டு, வேலைக்கு முன் நிற்கும் தண்ணீரைத் துடைத்தெடுங்கள். எஸ்.பி.ஆர். பாலும் (கலவை ஒட்டுவதற்கான செயற்கை ரப்பர் திரவம்) சிமெண்டும் டப்பாவில் சொன்ன அளவில் கலந்து பிரஷ்ஷால் தேயுங்கள். அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே கலவை விழ வேண்டும். காய்ந்துவிட்டால் ஒட்டுவதற்குப் பதிலாக இரண்டையும் பிரிக்கும் படலமாகிவிடும், மறுபடி சுரண்டித்தான் ஆக வேண்டும். ஆகவே ஒரு நேரத்தில் கலவை போட முடிகிற பரப்புக்கு மட்டும் தேயுங்கள்.

ஒரு சதுர மீட்டருக்கு, சராசரி 15 மி.மீ. கனத்துக்கு: சிமெண்ட் 7 கிலோ, சலித்த காய்ந்த மணல் 15 லிட்டர், எஸ்.பி.ஆர். 1 முதல் 1.5 லிட்டர், தண்ணீர் சுமார் 2 லிட்டர். கையில் உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது. மட்டப்பலகையை வாட்டத்தின் திசையில் இழுத்து, மணியாசுக் கட்டையால் (பூச்சைத் தேய்த்துச் சமன் செய்யும் கைப்பலகை) தேயுங்கள். 40 மி.மீ.க்கு மேல் கனம் வந்தால் வெறும் கலவை சுருங்கி வெடிக்கும். அங்கே 6 முதல் 10 மி.மீ. ஜல்லி சேர்த்த சிறு ஜல்லி கான்கிரீட் போடுங்கள்.

எஸ்.பி.ஆர். கலவைக்கு முதல் நாள் ஈரச் சாக்கு, அதன் பிறகு காற்றில் உலரவிடுவது. சாதாரணக் கலவைக்குக் குறைந்தது 7 நாள் ஈரம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மாடி முழுக்க வாட்டம் திருத்துவது

இங்கே பலரும் மறப்பது எடைக் கணக்கு. வாயிலிருந்து எதிர்ச்சுவர் 6 மீட்டர் என்றால் 100க்கு 1 வாட்டத்துக்கு 60 மி.மீ. ஏற்றம். வாயருகே 25, கடைசியில் 85, சராசரி 55 மி.மீ. இது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 115 கிலோ. எதிர்ப்பக்கமும் ஒரு குழாய் வைத்தால் தண்ணீர் ஓடும் தூரம் 3 மீட்டராகி, சராசரி 40 மி.மீ. ஆகும். பாரம் 85 கிலோவுக்கு இறங்கிவிடும். கலவை கூட்டுவதைவிடக் குழாய் கூட்டுவதே புத்திசாலித்தனம். பழைய தளப்பூச்சின் மேலேயே இன்னொன்று போடாமல், அதை எடுத்துவிட்டுப் போடுங்கள். கனம் அதிகம் வந்தே தீருமென்றால் அடியில் எடை குறைந்த நுரைக் கான்கிரீட் போட்டு மேலே சாதாரணப் பூச்சு போடலாம். எதுவானாலும் தளம் தாங்குமா என்பதைப் பொறியாளர் சொல்ல வேண்டும்.

புதுக் குழாயைத் தளத்தில் துளைக்காமல் கைப்பிடிச் சுவர் வழியே வெளியே எடுப்பது பாதுகாப்பு. சுவருக்கு அடியிலுள்ள பீமைத் தொடக் கூடாது. குழாயின் அடி, அந்த இடத்து முடித்த தளத்தைவிட 15 மி.மீ. தாழ்ந்து, வெளிப்பக்கம் சற்றே சரிந்திருக்கட்டும். சுவரைத் தாண்டி 10 செ.மீ. நீட்டினால்தான் சுவர் நனையாது. சுற்று இடைவெளியைச் சுருங்காத கிரௌட்டால் (இடைவெளி நிரப்பும் கலவை) அடையுங்கள். இதே போல ஓர் அவசர வழியும் வையுங்கள், தளத்தின் தாழ்ந்த இடத்திலிருந்து 5 செ.மீ. உயரத்தில். அதிலிருந்து தண்ணீர் கொட்டினால் கீழ்க்குழாய்கள் அடைத்துவிட்டன என்ற எச்சரிக்கையும் கிடைத்துவிடும்.

கலவை ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல். 40 மி.மீ.க்கு மேல் கனம் வரும் இடத்தில் முன்பு சொன்ன சிறு ஜல்லி கான்கிரீட். முதலில் மட்டக்குழாயின்படி 1.5 மீட்டருக்கு ஒரு பொட்டு (உயரம் காட்டும் சிறு கலவைத் திட்டு) வைத்து, பொட்டுகளைப் பட்டையாக இணைத்து, பிறகு நடுவை நிரப்புங்கள். 3 மீட்டருக்கு ஒரு முறை 10 மி.மீ. இடைவெளி விட்டு, காய்ந்தபின் பாலியூரித்தேன் சீலண்ட் (ரப்பர் போல நெகிழும் அடைப்புப் பசை) நிரப்புங்கள். தண்ணீர் சேர்ந்து ஓடும் பள்ளக்கோட்டில் இணைப்பு வரக் கூடாது, மேட்டுக்கோட்டில் வரட்டும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் 5 செ.மீ.க்கு உருட்டிப் பூசுங்கள்.

பூச்சு கடைசியில்தான்

வாட்டம் சரியான பிறகே நீர்க்கசிவுப் பூச்சு. தளம் உலர்ந்ததா என்று அறிய, 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். அடியில் வியர்த்திருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். அக்ரிலிக் பூச்சு தேங்கும் தண்ணீரில் ஊறி மெத்தென்றாகிக் கொப்பளித்து உரியும். சிறிதளவு தேங்கியே தீரும் இடத்தில் பாலியூரித்தேன் நல்லது. இரண்டு கை, ஒன்றுக்கொன்று குறுக்காக, சுவரில் 15 செ.மீ. ஏற்றி அடியுங்கள்.

பூச்சு முழுதாக இறுகியபின் வாயை அடைத்து, ஆழமான இடத்தில் 25 மி.மீ. வரும்படி தண்ணீர் நிரப்பி 24 மணி நேரம் விட்டுக் கீழே கசிவு பாருங்கள். தொய்ந்த தளத்தில் இதைச் செய்யவே கூடாது. பிறகு அடைப்பைத் திறந்துவிட்டு, தண்ணீர் போகும் வழியைக் கூடவே நடந்து கவனியுங்கள். எங்கே தயங்குகிறதோ அங்கே உடனே சாக்கட்டிக் கோடு.

மறுபடி தேங்காமல் இருக்க

மழைக்காலத்துக்கு முன் ஒரு முறை, முதல் பெருமழைக்குப் பின் ஒரு முறை வாயைச் சுத்தம் செய்யுங்கள். தரையோடு தரையாகக் கிடக்கும் தண்ணீர்க் குழாய் ஒவ்வொன்றும் ஒரு வரப்பு. வாட்டத்துக்குக் குறுக்கே போகும் குழாய்களைக் கட்டை வைத்து 5 செ.மீ. தூக்குங்கள். பூந்தொட்டி, சோலார் தாங்கியின் கால், ஏ.சி. வெளிப்பெட்டியின் அடித்தளம் எதுவும் தண்ணீர் வழியில் வேண்டாம். தொட்டி நிரம்பி வழியும் குழாயை நேராக வடிகுழாய் வாய்க்கே கொண்டுபோங்கள்.

இப்போதே குட்டை நிற்கிறதென்றால் தளத்தில் ஓட்டை போட்டு வடிக்க நினைக்காதீர்கள். ஒரு ஹோஸ் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, இரு முனையையும் விரலால் அடைத்து, ஒன்றைக் குட்டையின் ஆழத்தில் அமிழ்த்தி, மற்றதைச் சுவர் தாண்டிக் கீழே தொங்கவிட்டு விரலை எடுங்கள். சில மி.மீ. மிஞ்சும்வரை அதுவே இழுத்துவிடும், மீதியைத் துடைப்பத்தால் தள்ளிவிடலாம். மாடியில் மின்கம்பி கிடந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டே தண்ணீரில் கால் வையுங்கள். சோலார் பேனல்களின் கம்பியில் பகல் முழுக்க மின்சாரம் இருக்கும், மெயினை அணைத்தாலும் நிற்காது. ஆகவே அந்தக் கம்பி தண்ணீரில் கிடந்தால் அருகே போகாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.