வறட்சியில் வாடிய வாழையை மீட்ட விதம்

கோடையில் கிணற்று நீர் குறைந்தபோது, ஐந்து மாத வாழைகளில் புதுக் குருத்து விரிவது தாமதமாகி, முற்பகலிலேயே இலைகளின் இரு பாதிகளும் நடுநரம்பையொட்டிக் கீழ்நோக்கி மடிந்து தொங்கின. வாழையின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பரவியிருப்பதால், அந்த அடுக்கு காய்ந்தவுடன் மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. நீரிழப்பைத் தடுக்கும் அந்த ஏற்பாடே உணவுத் தயாரிப்பையும் குறைத்துவிடுகிறது. தண்டின் உள்ளே பூ உருவாகும் பருவமும் அதுவே என்பதால் எனக்குக் கவலை கூடியது. அப்போது நீர் போதாவிட்டால் சீப்புகள் குறையும். பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் காய் பருக்குமே தவிர, சீப்பு கூடாது.

எனவே வாய்க்கால் பாசனத்தை நிறுத்தி, இருந்த நீரைச் சொட்டுநீர்க் குழாய் வழியாக நாள்தோறும் சிறிது சிறிதாகக் கொடுத்தேன். பக்கக் கன்றுகளை அறுத்தேன். காய்ந்த சருகையும் பழைய தண்டுகளையும் மூடாக்காக இட்டேன். பெரிய துண்டுகள் வாழையைத் துளைக்கும் கூன்வண்டைக் கவரும் என்பதால், அலுப்பான வேலையாயினும், பொடியாக நறுக்கியே பரப்பினேன். என்னைக் கேட்டால், சொட்டுநீரைவிட மூடாக்கே அதிகம் உதவியது: சருகை விலக்கிப் பார்த்தால் நண்பகலிலும் மண் ஈரமாக இருந்தது, வெள்ளை வேர்கள் மேலேறி வந்திருந்தன. தார்கள் சற்றுத் தாமதமாகவே வந்தாலும் காய்கள் நிரம்பின. மூடாக்கு எட்டாத ஓர வரிசையில் மட்டும் சில தார்கள் கழுத்துப் பகுதியில் சிக்கி, முழுதாக வெளிவராமலே நின்றன.