பழைய இசைத்தாள்களைப் படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அச்சான வெகுமக்கள் பாடல்களின் இசைத்தாள்களை இன்று எவரும் வீட்டிலிருந்தபடியே பார்க்க முடிகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் லெஸ்டர் லெவி தொகுப்பும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் தொகுப்புகளும் ஆயிரக்கணக்கான தாள்களைப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கின்றன. ஆனால் இவற்றை ஆதாரமாகக் கொண்டு எழுதப்படும் கட்டுரைகளில் சில தவறுகள் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: இசைத்தாள் ஒரு விற்பனைப் பொருள் என்பதையும், அதன் அட்டையில் இருக்கும் பெயர், படம், விலை, ஆண்டு ஆகிய அனைத்தையும் அங்கே வைத்தவர் அதை விற்க முனைந்த பதிப்பாளர் என்பதையும் மறந்துவிடுவது.

முதலில், இசைத்தாளை நம் ஊரில் திரையரங்கு வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தின் மேல்நாட்டு வடிவமாக எண்ணிவிடக் கூடாது. நம் பாட்டுப் புத்தகத்தில் பாடல் வரிகள் மட்டுமே இருக்கும். வாங்குபவர் மெட்டை முன்பே கேட்டு மனத்தில் வைத்திருப்பார். இசைத்தாளிலோ மேலே குரலுக்கான மெட்டும், அதன் கீழே வரிகளும், அதற்கும் கீழே பியானோவின் இரு கைகளுக்கான இசையும் மேற்கத்தியக் குறியீட்டில் அச்சாகியிருக்கும். இசைத்தட்டும் வானொலியும் பரவாத காலத்தில் ஒரு பாடல் வீட்டுக்குள் வந்து ஒலிப்பதற்கு இந்தத் தாளும், அதைப் பார்த்து வாசிக்கத் தெரிந்த ஒருவரும் (பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்), ஒரு பியானோவும் தேவைப்பட்டன. தவணை முறையில் பியானோ வாங்கும் வழக்கம் பரவியதால் நடுத்தர வீடுகளிலும் அது இடம்பிடித்தது. 1909-ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் 3,60,000-க்கும் மேற்பட்ட பியானோக்கள் உற்பத்தியாயின. மெட்டு குறுகிய சுர எல்லைக்குள் நிற்பதும், இடக்கை எளிய தாளத்தில் நடப்பதும் இசையமைப்பாளரின் ஆற்றல் குறைவு என்று எழுதுவோர் இந்த வாங்குபவரை மறந்துவிடுகிறார்கள். சராசரிக் கையால் வாசிக்க முடியாத தாளைக் கடைக்காரர் வாங்கி அடுக்க மாட்டார்.

அடுத்தது, அட்டையில் உள்ள பெயரை அப்படியே நம்பிவிடுவது. இதில் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. 1851-இல் ஃபர்த், பாண்ட் நிறுவனம் வெளியிட்ட ‘ஓல்ட் ஃபோக்ஸ் அட் ஹோம்’ என்ற புகழ்பெற்ற பாடலின் அட்டை, அதை எழுதி இசையமைத்தவர் இ. பி. கிறிஸ்டி என்று கூறுகிறது. கிறிஸ்டி ஒரு மேடைக்குழுவின் தலைவர்; பாடலை எழுதியவர் ஸ்டீஃபன் ஃபாஸ்டர். ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு தம் பெயரை விட்டுக்கொடுத்த ஃபாஸ்டர், பாடல் பெரும்புகழ் அடைந்த பிறகு, 1852 மே மாதத்தில், தம் பெயரை மீண்டும் இட அனுமதி கேட்டுக் கிறிஸ்டிக்குக் கடிதம் எழுதினார். கிறிஸ்டி இசையவில்லை. ஃபாஸ்டர் இறந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1879-இல் பதிப்புரிமை புதுப்பிக்கப்பட்ட பிறகுதான் அவர் பெயர் அட்டைக்கு வந்தது. அட்டையை மட்டும் பார்த்துப் பட்டியல் தயாரிப்பவர் இந்த அநீதியை இன்னும் ஒரு முறை அரங்கேற்றுகிறார்.

பெயர் சரியாக இருக்கும்போதும் அந்த மனிதர் என்ன செய்தார் என்பதைத் தனியே கேட்டறிய வேண்டும். மில்வாக்கி நகரில் ‘கேட்பவர்க்குப் பாடல் எழுதித் தரப்படும்’ என்று பலகை மாட்டித் தொழில் நடத்திய சார்லஸ் கே. ஹாரிஸுக்கு இசைக்குறியீடு எழுதத் தெரியாது. அவர் பாடிக் காட்ட, தொழில்முறை இசைஞர் ஒருவர் கேட்டு எழுதினார். புகழ்பெற்ற பாடலாசிரியர் இர்விங் பெர்லினும் அவ்வாறே உதவியாளர்களைக் கொண்டு தம் மெட்டுகளைத் தாளில் ஏற்றினார். இதனால் அவர்களுடைய படைப்புரிமை குறைந்துவிடாது. எனினும் நாம் தாளில் பார்க்கும் பியானோ இசையின் ஒவ்வொரு நுணுக்கத்தையும் அவர்கள் கையெழுத்தாகப் பாராட்டுவது பிழை. அட்டையின் நடுவிலோ மூலையிலோ உள்ள புகைப்படத்தைப் பார்த்து அவரையே பாடலாசிரியராகக் கொள்வதும் இதே வகைத் தவறுதான். படத்தில் இருப்பவர் அந்தப் பாடலை மேடையில் பாடியவர். அவர் தொடர்ந்து பாடுவதற்காகப் பதிப்பாளர் செய்த மரியாதை அது. ஒரே பாடல் ஒரே ஆண்டில் வெவ்வேறு பாடகர்களின் படங்களோடு வெளிவந்திருப்பதையும் காணலாம்.

ஆண்டைக் கணிப்பதில் நடக்கும் தவறு எனக்கு மிகுந்த கவலை தருவது, ஏனென்றால் ஒரு கட்டுரையில் நுழைந்த தவறான ஆண்டு பத்துக் கட்டுரைகளுக்குப் பரவிவிடுகிறது. முதல் பக்கத்தின் அடியில் இருக்கும் ஆண்டு பதிப்புரிமை பதிவான ஆண்டே தவிர, உங்கள் கண்முன் இருக்கும் பிரதி அச்சான ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பாலான இசைத்தாள்கள் உலோகத் தகடுகளில் ஒவ்வொரு சுரத்தையும் முத்திரை உளியால் அடித்துச் செதுக்கி அச்சிடப்பட்டன. தகடு தேயும் வரை, சில வேளைகளில் முப்பது ஆண்டுகள் கழிந்தும், அதே தகட்டிலிருந்து புதிய பிரதிகள் வந்துகொண்டிருந்தன. பதிப்பாளர் தொழிலை விட்டால் தகடுகளே சொத்தாக விற்கப்பட்டன. உள்நாட்டுப் போர்க் காலத்தில் பெரும்புகழ் பெற்ற பாடல்களை வெளியிட்ட சிகாகோவின் ரூட் அண்ட் கேடி நிறுவனம், 1871-இல் அந்நகரை அழித்த பெருந்தீக்குப் பின் தன் இசைத்தாள் பட்டியலை கிளீவ்லாந்தின் பிரெய்னார்டு நிறுவனத்துக்கு விற்றது. ஆகவே 1862 என்ற ஆண்டும் பிரெய்னார்டு என்ற பெயரும் ஒரே தாளில் இருந்தால் முரண்பாடு ஏதும் இல்லை. அது பிந்திய அச்சு.

‘மேப்பிள் லீஃப் ராக்’ என்ற, கறுப்பின இசையமைப்பாளர் ஸ்காட் ஜாப்ளினின் பியானோ இசைப் படைப்பை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். மிசூரி மாநிலத்தின் செடேலியா ஊரில் ஜான் ஸ்டார்க் 1899-இல் அதை வெளியிட்டார். முதற்பதிப்பின் அட்டையில் நடனமாடும் இரு கறுப்பின இணைகளின் படமும் செடேலியா என்ற ஊர்ப்பெயரும் உள்ளன. ஸ்டார்க் 1900-இல் செயின்ட் லூயிஸுக்குக் குடிபெயர்ந்தார். பின்னர் வந்த அச்சுகளில் ஊர்ப்பெயர் மாறியது, அட்டையில் மேப்பிள் இலை இடம்பெற்றது. உள்ளே பதிப்புரிமை ஆண்டு மட்டும் எல்லாவற்றிலும் 1899 என்றே நிற்கிறது. பதிப்பாளரின் முகவரி, தகட்டில் அவர் பொறித்த அடையாள எண், பின்னட்டையில் விளம்பரமாகும் பிற பாடல்கள், தாளின் அளவு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு பிரதியின் காலம் பிடிபடும். முதல் உலகப் போருக்கு முன் தாள்கள் ஏறத்தாழ 14 அங்குல உயரம் கொண்டிருந்தன. போர்க்காலத்தில் காகிதச் சிக்கனத்துக்காகச் சுருங்கி, அதன் பின் 9-க்கு 12 அங்குலம் என்ற அளவே வழக்கமாயிற்று. பதிப்புரிமை ஆண்டு 1910 என்றும் அளவு 9-க்கு 12 என்றும் இருந்தால், அந்தப் பிரதி பெரும்பாலும் போருக்குப் பிந்தையது.

விற்பனை எண்களைப் பொறுத்தவரை, பதிப்பாளர் சொன்ன கணக்கைத் தணிக்கை செய்யப்பட்ட கணக்காக மேற்கோள் காட்டக் கூடாது. பத்து லட்சம் பிரதிகள் என்ற அறிவிப்பே ஒரு விளம்பரம். அதைப் படித்த கடைக்காரர் கூடுதலாக வாங்கி வைப்பார். 1892-இல் ஹாரிஸ் தாமே வெளியிட்ட ‘ஆஃப்டர் தி பால்’ 50 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றதாக எல்லா நூல்களும் கூறுகின்றன. அது மாபெரும் வெற்றி என்பதில் ஐயமில்லை. எண்ணை மட்டும் ‘என்று கூறப்படுகிறது’ என்ற சொற்களோடு எழுதுவதே முறை. இதற்கு நேர்மாறாக, ‘மேப்பிள் லீஃப் ராக்’ வெளிவந்தவுடனேயே பல்லாயிரக்கணக்கில் விற்றதாக நெடுநாள் எழுதப்பட்டு வந்தது. முதல் ஆண்டில் ஏறத்தாழ 400 பிரதிகளே விற்றன என்று பிற்கால ஆய்வு காட்டியது. அதன் பெருவிற்பனை ஆண்டுக்கணக்கில் மெல்லச் சேர்ந்தது.

ஒரு பாடல் தானாகவே மக்கள் வாயில் ஏறிப் பரவியது என்று எழுதுவதும் பொருந்தாது. பரப்பும் வேலைதான் இத்தொழிலின் உயிர்நாடி. ஹாரிஸ் தம் பாடலை மில்வாக்கிக்கு வந்த ஒரு நாடகத்தில் பாடச் செய்ய ஜே. ஆல்ட்ரிச் லிபி என்ற பாடகருக்கு 500 டாலர் ரொக்கமும் வருவாயில் பங்கும் தர ஒப்புக்கொண்டார். லிபியின் படம் அட்டையில் ஏறியது. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் புகழ்பெற்ற இசைக்குழுத் தலைவர் சூசாவின் குழு அதை வாசித்த பிறகு அது நாடெங்கும் பரவியது. மறு ஆண்டில் எட்வர்ட் மார்க்ஸ், ஜோசப் ஸ்டெர்ன் என்ற பாடலாசிரியர்கள் தங்கள் முதல் பாடலை, வண்ணம் தீட்டிய ஒளிப்படத் தகடுகளைத் திரையில் காட்டி அரங்குகளில் பாட வைத்தார்கள். நியூயார்க்கின் மேற்கு 28-ஆம் தெருவில், ஐந்தாம் அவென்யூவுக்கும் ஆறாம் அவென்யூவுக்கும் இடையே, விட்மார்க் நிறுவனம் 1893-இல் குடியேறியதைத் தொடர்ந்து பல பதிப்பகங்கள் நெருங்கிக் கூடின; டின் பான் ஆலி என்று பெயர் பெற்ற அத்தெருவில் ஒவ்வொரு நிறுவனமும் சிறு சிறு அறைகளில் பியானோக்களை வைத்து, வந்துபோகும் பாடகர்களுக்குப் புதுப் பாடல்களை வாசித்துக் காட்ட ஆட்களை அமர்த்தியிருந்தது. பாடகர்களுக்கு அலங்கார அட்டை இல்லாத மலிவுத் தாள் பிரதிகள் இலவசமாகத் தரப்பட்டன. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வின் பதினைந்து வயதில், 1914-இல் ரெமிக் நிறுவனத்தின் நியூயார்க் அலுவலகத்தில் வாரம் 15 டாலர் சம்பளத்தில் இந்த வேலைக்குத்தான் சேர்ந்தார். பாடகருக்குப் பணம் தரும் போட்டி முற்றிப் பதிப்பாளர்களுக்கே சுமையானபோது, அதைத் தடுக்க 1917-இல் அவர்கள் ஒரு சங்கமே அமைத்தார்கள்.

வருமானத்தைப் பற்றி எழுதும்போது அட்டையில் உள்ள விலையைப் பிரதிகளின் எண்ணிக்கையால் பெருக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அட்டையில் 50 அல்லது 60 சென்ட் என்று இருக்கும். கடைக்காரருக்குப் பாதி விலைக்கும் குறைவாகவே போகும். பெரிய அங்காடிகளில் 10 சென்ட்டுக்குக்கூடக் கிடைத்தது. எழுதியவரின் பங்கு அவர் செய்த ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஜாப்ளினுக்குப் பிரதிக்கு ஒரு சென்ட் ராயல்டி கிடைத்தது. ஹாரி வான் டில்ஸர் 1898-இல் தம் பாடல் ஒன்றை 15 டாலருக்கு முழுதாக விற்றார். அது பெருவெற்றி பெற்றபோது அவருக்கு மேற்கொண்டு உரிமை ஏதும் இல்லை. டபிள்யூ. சி. ஹேண்டி 1912-இல் ‘மெம்ஃபிஸ் புளூஸ்’ பாடலின் உரிமையை 50 டாலருக்கு இழந்து, 28 ஆண்டுகள் காத்திருந்து 1940-இல் மீட்டார். எனினும் ஒவ்வொரு கதையையும் பதிப்பாளர் ஏமாற்றினார் என்ற ஒரே வார்ப்பில் ஊற்றுவது சரியாகாது. ஃபாஸ்டருக்கு 1849 முதல் ராயல்டி ஒப்பந்தம் இருந்தது. கடன் நெருக்கியபோது, 1857-இல், எதிர்கால வருவாயைச் சுமார் 1,870 டாலருக்கு அவரே விற்றார். 1864-இல் நியூயார்க் மருத்துவமனையில் அவர் இறந்தபோது பணப்பையில் இருந்தது 38 சென்ட்.

இன்றைய பதிப்புரிமையை அன்றைய காலத்தின் மேல் ஏற்றிப் பார்ப்பதையும் தவிர்க்க வேண்டும். 1891 வரை அயல்நாட்டாரின் படைப்புக்கு அமெரிக்காவில் பாதுகாப்பே கிடையாது. ஐரோப்பிய இசையை அங்குள்ள பதிப்பகங்கள் எவருக்கும் பணம் தராமல் அச்சிட்டு விற்றன, அது சட்டத்துக்கு உட்பட்டதுதான். பொது நிகழ்ச்சியில் வாசிப்பதற்கான உரிமை இசைக்கு 1897-இல் சட்டத்தில் வந்தபோதும், அதைக் காசாக்க 1914-இல் அஸ்காப் என்ற, பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள், பதிப்பாளர்கள் ஆகியோரின் சங்கம் தோன்ற வேண்டியிருந்தது. உணவகத்தில் இசைப்பதற்கும் கட்டணம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1917-இல் தீர்ப்பளித்தது. பியானோவைத் தானே இசைக்கச் செய்யும் துளையிட்ட காகிதச் சுருள்கள் இசைத்தாளின் நகல் ஆகாது என்று அதே நீதிமன்றம் 1908-இல் கூற, மறு ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு சுருளுக்கும் இசைத்தட்டுக்கும் பாடலின் உரிமையாளருக்கு 2 சென்ட் தர வேண்டும் என்று நிர்ணயித்தது.

இத்தொழில் முழுவதையும் நியூயார்க்கின் ஒரு தெருவுக்குள் அடக்கிவிடுவது சோம்பேறித்தனம். பாஸ்டனில் டிட்ஸன், டெட்ராய்ட்டில் ரெமிக், சின்சினாட்டியில் ஜான் சர்ச் என்று பல நகரங்களில் வலுவான பதிப்பகங்கள் இருந்தன. கறுப்பினத்தவரே நடத்திய காத்தம்-அட்டக்ஸ் நிறுவனமும் 1905 முதல் சில ஆண்டுகள் இயங்கியது.

கடைசியாக ஒன்று. கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் பாடல்களும் கேலிச்சித்திர அட்டைகளும் இத்தொழிலின் பெரும்பகுதியாக இருந்தன. முன்னணி நிறுவனங்கள் எல்லாமே அவற்றை விற்றன. அழகான அட்டைகளை மட்டும் தேர்ந்தெடுத்துக் காட்டுவது வரலாற்றைத் திரிப்பதாகும். விளக்கமின்றி அந்த அட்டைகளை அப்படியே பகிர்வது அந்த இழிவைப் புதுப்பிப்பதாகும். தலைப்பு, ஆண்டு, பதிப்பாளர் ஆகிய விவரங்களை மாற்றாமல் பதிவுசெய்து, அது எதை, யாரை, எதற்காக இழிவுசெய்தது என்று உடனடியாக எழுதுவதே பொறுப்பான வழி. மேற்கு 28-ஆம் தெருவின் 47 முதல் 55 வரையிலான ஐந்து கட்டடங்களை நினைவுச் சின்னங்களாக்கும் முயற்சியின்போது இந்தப் பாடல்களே ஒரு எதிர்வாதமாக முன்வைக்கப்பட்டன. கறுப்பினப் பாடலாசிரியர்களும் யூதக் குடியேறிகளும் தொழிலில் இடம்பிடித்த களமும் அதே தெருதான் என்பதையும் கருதி, நியூயார்க் நகர நினைவுச் சின்னப் பாதுகாப்பு ஆணையம் 2019 டிசம்பரில் ஐந்தையும் நினைவுச் சின்னங்களாக அறிவித்தது.