எழுதும் டிஸ்க் வேறு, காக்கும் டிஸ்க் வேறு: ஆடியோ பதிவில் நாம் செய்யும் தவறுகள்

2022இல் ஒரு சனிக்கிழமை. தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கோயில் மண்டபம். ஆர்மோனியம், மிருதங்கம், ஆறேழு குரல்கள் என்று பஜனைக் குழு பாடிக்கொண்டிருந்தது. என் பக்கம் இரண்டு மைக், மைக்கின் ஒலியை லேப்டாப்புக்குக் கொண்டுபோகும், லேப்டாப்பிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும் சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ், செங்கல் பருமனில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். அந்தச் செங்கலுக்கு மட்டும் தனி அடாப்டர். அதைச் சுவர் பிளக்கில் சொருகியிருந்தேன்.

எட்டு மணிக்கு லோட் ஷெடிங். விளக்கு போனது, ஃபேன் நின்றது. பாட்டு நிற்கவில்லை, கரண்ட் போனதற்கெல்லாம் பாட்டை நிறுத்தும் ஊர் இது இல்லை. லேப்டாப்பும் பேட்டரியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. டிஸ்க்தான் செத்துப் போயிருந்தது. திரையில் ஒரு எச்சரிக்கைப் பெட்டி வந்து நின்றதை இருட்டில் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். குழுவின் மூத்த தாத்தா பாட்டு முடிந்ததும் குனிந்து, "நல்லா விழுந்துச்சா தம்பி?" என்றார். நாற்பது நிமிஷப் பாட்டில் எனக்குக் கடைசியில் கிடைத்தது பாதி.

அந்தப் பாதி கிடைத்த விதம் பலருக்கு உதவும், அதனால் சொல்லிவிடுகிறேன். ஒலி பதிவாகும் வேவ் கோப்பின் தலைப்பகுதியில் கோப்பின் நீளம் எழுதப்படும். பெரும்பாலான மென்பொருள்கள் அந்த நீளத்தை நாம் 'ஸ்டாப்' அமுக்கும்போதுதான் சரியாக நிரப்பும். நடுவில் கரண்ட் போனால் உள்ளே ஒலி இருந்தாலும் கோப்பு காலி என்று காட்டும். அதை அழித்துவிடாதீர்கள். ஆடாசிட்டி என்ற இலவச ஆடியோ மென்பொருளில் 'ரா டேட்டா'வாக இறக்கி, பதியும்போது வைத்த அளவுகளை (எனக்கு 24 பிட், விநாடிக்கு 48,000 மாதிரி), எத்தனை சேனல் என்பதையும் சரியாகச் சொன்னால் டிஸ்க்கில் விழுந்தது வரைக்கும் கேட்கும்.

அந்தச் செங்கல் கெட்ட டிஸ்க் இல்லை. வீட்டு அலமாரியில் இருந்து பழைய பதிவுகளைக் காக்கவேண்டியதை மண்டபத்துக்குத் தூக்கிப்போய் நேரடியாக எழுத வைத்தது என் தவறு. இதற்குப் பிறகு சொல்லப்போகும் தவறுகளில் முக்கால்வாசிக்கும் வேர் இதுதான். பதிவை எழுதும் டிஸ்க்கும் பதிவைக் காக்கும் டிஸ்க்கும் இரண்டு வேலைக்காரர்கள். ஒருவரையே இரண்டுக்கும் வைத்தால் இரண்டும் கெடும்.

முதலில் வேகத்தைப் பார்த்து வாங்குவது. கடைக்காரர் விநாடிக்கு 2,000 எம்பி என்பார். நமக்கு எவ்வளவு வேண்டும் என்று ஒருமுறை கணக்குப் போடுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு டிராக் விநாடிக்கு 144 கிலோபைட், மணிக்கு ஏறத்தாழ அரை ஜிபி. பதினாறு டிராக் ஒன்றாக ஓடினாலும் விநாடிக்கு 2.3 எம்பி, மணிக்கு 8.3 ஜிபி. சாதாரண ஹார்ட் டிஸ்க்கே தொடர்ச்சியாக எழுதும்போது விநாடிக்கு 100 எம்பி எழுதும். ஆகவே பதிவு பாதியில் அறுந்தால் வேகத்தைச் சந்தேகிப்பதற்கு முன்னால் கரண்ட், கேபிள், தூங்கிப்போகும் டிஸ்க் இவற்றைப் பாருங்கள். கடைசியாகச் சொன்னது பலருக்குத் தெரியாது. சில எக்ஸ்டர்னல் டிஸ்க்குகள் சிறிது நேரம் வேலையில்லாமல் இருந்தால் சுழற்சியை நிறுத்திவிடும். அர்ச்சனை முடியக் காத்திருந்துவிட்டு 'ரெக்கார்ட்' அமுக்கும்போது டிஸ்க் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும். முதல் சில விநாடி போச்சு. விண்டோஸ், மேக் இரண்டிலும் பவர் செட்டிங்கில் போய் அந்தத் தூக்கத்தை அணைக்கலாம். டிஸ்க்குக்குள்ளேயே தூக்கம் எழுதப்பட்டிருந்தால், அது எழுதும் வேலைக்கு ஆகாது.

எழுதும் வேலைக்கு நான் சொல்வது 500 ஜிபியோ 1 டிபியோ உள்ள சாதாரண எஸ்.எஸ்.டி., கேபிள் வழியாகவே கரண்ட் எடுப்பது. லேப்டாப் உயிரோடு இருக்கும்வரை அதுவும் இருக்கும். சுழலும் பாகம் இல்லாததால் பக்கி என்ற சிறு சரக்கு வண்டியின் பின்பக்கத்தில் ஸ்பீக்கரோடு குலுங்கினாலும் பரவாயில்லை. ஹார்ட் டிஸ்க் ஓடும்போது மேஜையிலிருந்து விழுந்தால், உள்ளே தட்டுக்கு மேலே மயிரிழையிலும் மெல்லிய இடைவெளியில் பறக்கும் ஹெட் தட்டைக் கீறிவிடும். மண்டபத்தில் குழந்தைகள் ஓடுவார்கள், கேபிள் காலில் மாட்டும். யாரைக் குறை சொல்வது?

இன்னொன்று, சத்தம். 7,200 சுற்று டிஸ்க் நிமிஷத்துக்கு 7,200 முறை சுழல்கிறது என்றால் விநாடிக்கு 120 முறை. அதாவது 120 ஹெர்ட்ஸில் ஒரு முனகல். 5,400 சுற்று என்றால் 90 ஹெர்ட்ஸ். டிஸ்க்கையும் மைக் ஸ்டாண்டையும் ஒரே மர மேஜையில் வைத்தால் அது மரம் வழியாக ஏறி மைக்கில் விழும். ஓர் ஆயாவின் தாலாட்டைப் பதிந்தபோது சுருதிப்பெட்டிதான் சற்றுக் கீழே நிற்கிறது என்று நினைத்து அரைமணி அதோடு மல்லுக்கட்டினேன். டிஸ்க்கைத் தூக்கி ஒரு மடித்த துண்டின்மேல் வைத்ததும் தீர்ந்தது.

கேபிளும் போர்ட்டும். தட்டையான அந்த யு.எஸ்.பி. சி முனை ஒரு வடிவம், அவ்வளவுதான். உள்ளே பழைய 2.0 வேகத்தில் ஓடும் கேபிளுக்கும் அதே முனைதான். போன் சார்ஜருடன் வரும் கேபிள்கள் பெரும்பாலும் அப்படித்தான். பதிவுக்கு அதுவே போதும் என்றாலும் வீட்டுக்கு வந்து 200 ஜிபியை நகலெடுக்க ஒன்றரை மணி நேரம்போல உட்கார வேண்டும். கரண்ட் விஷயம் அதைவிட முக்கியம். யு.எஸ்.பி. 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்ப், 3.0 தருவது 900. தனி அடாப்டர் இல்லாத ஹப் ஒன்றில் இன்டர்ஃபேஸ், டிஸ்க், மவுஸ் மூன்றையும் மாட்டினால் அந்தப் பங்கை மூன்றும் பிய்த்துக்கொள்ளும். தனக்கும் கரண்ட் கேட்கும் கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் போட்ட நொடியில் டிஸ்க் காணாமல் போவது இப்படித்தான். டிஸ்க்குக்கு லேப்டாப்பில் தனிப் போர்ட் கொடுங்கள்.

இப்போது ஏமாற்று வேலை. இணையத்திலும் சந்தைகளிலும் '16 டிபி எஸ்.எஸ்.டி.' என்று ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்கு விற்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் சின்ன மெமரி கார்டு ஒன்று, கனம் காட்ட ஓர் இரும்புத் துண்டு. கம்ப்யூட்டரிடம் 16 டிபி என்று பொய் சொல்லும்படி அதன் சிப்பை மாற்றி எழுதியிருப்பார்கள். உண்மைக் கொள்ளளவு தீர்ந்த பிறகும் அது மறுப்புச் சொல்லாது. பழையதின் மேலேயே எழுதும், அல்லது எழுதியதாக நடிக்கும். கோப்புப் பெயர்கள் எல்லாம் இருக்கும், திறந்தால் ஒலி இருக்காது. எந்த டிஸ்க் வாங்கினாலும், பெரிய கடையில் வாங்கியதானாலும், முதல் நாளே முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும் சோதனை ஒன்றை ஓடவிடுங்கள். எஃப்3 என்ற இலவச நிரல் அதைச் செய்யும். பெரிய டிஸ்க்குக்கு ஒரு நாள்கூட ஆகும். ஆகட்டும்.

ஃபார்மேட்டில், அதாவது டிஸ்க் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையில், இரவுக் கூத்தைப் பதிபவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். தெருக்கூத்தை இங்கே ஆங்கிலத்தில் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்பார்கள். தெருக்கூத்து என்ற சொல்லே காதில் தேய்ந்து அப்படி ஆனது என்று ஒரு பேச்சு. திரௌபதி அம்மன் திருவிழாவில் ராத்திரி தொடங்கினால் விடியும். ஃபேட்32 ஃபார்மேட்டில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. வேவ் கோப்புக்கும், அதன் நீளத்தை எழுத ஒதுக்கிய இடம் சிறியது என்பதால், அதே 4 ஜிபிதான் எல்லை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் அது நாலு மணி எட்டு நிமிஷம். எட்டு சேனலை ஒரே கோப்பாக எழுதினால் ஒரு மணி இரண்டு நிமிஷம். கட்டியங்காரன் வந்து போவதற்குள் முடிந்துவிடும். எல்லை வந்ததும் சில ரெக்கார்டர்கள் தாமாக அடுத்த கோப்புக்குத் தாவும், சில சும்மா நின்றுவிடும். உங்களுடையது எந்த ரகம் என்று வீட்டிலேயே ஒரு ராத்திரி ஓடவிட்டுப் பாருங்கள். இந்த 4 ஜிபி எல்லையைத் தாண்டும் ஆர்.எஃப்.64 வகையில் பதியும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள், டிஸ்க்கை ஃபேட்32இல் வைக்காதீர்கள். மேக், விண்டோஸ் இரண்டிலும் எழுத எக்ஸ்ஃபேட் வசதிதான். ஆனால் கரண்ட் போய்ப் பாதியில் நின்றால் தன்னைச் சரிசெய்துகொள்ளும் ஜர்னல் அதில் இல்லை. ஒரே வகைக் கம்ப்யூட்டரில் மட்டும் வேலை என்றால் விண்டோஸுக்கு என்.டி.எஃப்.எஸ்., மேக்குக்கு அதன் சொந்த ஃபார்மேட் என்று வைப்பது மேல். டிஸ்க்கை 'எஜெக்ட்' செய்யாமல் பிடுங்குவதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் பிடுங்குகிறோம்.

காக்கும் டிஸ்க்குக்கு வருவோம். இங்கே ஹார்ட் டிஸ்க்தான் என் தேர்வு. எஸ்.எஸ்.டி. தகவலை மின்னூட்டமாக வைத்திருக்கிறது. கரண்ட் காட்டாமல் வருஷக்கணக்கில் அலமாரியில் போட்டால், அதிலும் நன்றாகத் தேய்ந்த பிறகு, அந்த மின்னூட்டம் கசியும். டர்பன் வெக்கை அதைத் துரிதப்படுத்தும். கையடக்க ஹார்ட் டிஸ்க்குகள் பலவற்றில் ஓட்டு வேய்ந்ததுபோல் ஒரு தடத்தின்மேல் அடுத்த தடம் கொஞ்சம் ஏறி நிற்கும், எஸ்.எம்.ஆர். என்பது அதுதான். பெட்டியில் அதைச் சொல்லாமலே விற்ற சங்கதி 2020இல் வெளிவந்து பெரிய கம்பெனிகள் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. திரும்பத் திரும்ப அழித்து எழுதினால் இந்த வகை தவழும். ஒருமுறை எழுதி வைத்துவிடும் வேலைக்கு நன்றாகவே உழைக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சில மாடல்களில் யு.எஸ்.பி. முனை டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைத்திருக்கும், சிலவற்றில் அந்தப் பலகைதான் எல்லாவற்றையும் பூட்டி எழுதும். முனை உடைந்தால் உள்ளே டிஸ்க் நல்லபடி இருந்தும் வேறு பெட்டியில் போட்டுப் படிக்க முடியாது. தனியாக டிஸ்க்கும் தனியாகப் பெட்டியும் வாங்கிப் பொருத்தினால் இந்தத் தலைவலி இல்லை. அடாப்டர்மேல் எந்த டிஸ்க்குடையது என்று எழுதி ஒட்டுங்கள். ரவுட்டருடைய 12 வோல்ட் பின்னும் லேப்டாப்புடைய 19 வோல்ட் பின்னும் சிலசமயம் ஒரே துளைக்குள் போகும். இருட்டில் மாற்றிச் சொருகினால் புகை. லோட் ஷெடிங் முடிந்து கரண்ட் திரும்பும் நேரத்தில் ஒரு எகிறல் வரும், அதனால் சர்ஜ் பிளக் இல்லாமல் எந்த டிஸ்க்கையும் சுவரில் மாட்டாதீர்கள்.

இரண்டு டிஸ்க்கிலும் ஒரே சமயத்தில் ஒன்றையே எழுதும்படி ரெய்டு போட்டவரும், ஃபோல்டர்களைத் தானாக ஒத்திசைக்க விட்டவரும் பேக்கப் இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்குகிறார்கள். தவறுதலாக ஒரு செஷனை, அதாவது ஒரு பதிவின் கோப்புகளை, அழித்தால் இரண்டுமே அந்த அழிப்பையும் பக்குவமாக நகல் எடுக்கும். வேண்டியது தனித்தனி மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். வேறு ஊர் என்பதை நானும் மிகையாகத்தான் நினைத்திருந்தேன். 2022 ஏப்ரல் வெள்ளம் டர்பனில் மலைச்சரிவு வீடுகளை அடித்துக்கொண்டு போனது. மூலமும் பிரதியும் ஒரே அலமாரியில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். இப்போது என் மூன்றாம் டிஸ்க் ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில், அக்கா வீட்டுப் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு நடுவே கிடக்கிறது. தீபாவளிக்குப் போகும்போது புதியதைக் கொடுத்துப் பழையதை எடுத்து வருவேன்.

நகலெடுக்கும் முன் செஷன் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். செஷன் கோப்பு வெறும் வரைபடம். ஒலிக்கோப்புகள் டெஸ்க்டாப்பிலோ பழைய டிஸ்க்கிலோ இருக்கலாம். எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்க்கும் கட்டளை பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு. அதோடு ஒவ்வொரு டிராக்கையும் தொடக்கத்திலிருந்து ஒரே நீள வேவாக எடுத்து வையுங்கள், இன்றைய மென்பொருள் நாளைக்குத் திறக்காமல் போகலாம். பிறகு எழுதும் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அந்த நகலை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து, நடுவில் எங்காவது ஒரு நிமிஷம் கேளுங்கள். அதுவரை எழுதும் டிஸ்க்கை அழிக்கக்கூடாது. காக்கும் டிஸ்க்குகளை வருஷத்துக்கு ஒருமுறை சுழலவிடுங்கள். நான் தைப்பூசக் காவடி முடிந்த மறுநாள் உட்காருவேன், அன்று எப்படியும் வேறு வேலை ஓடாது. போன தடவை கேபிளைத் தேடியே ஒரு மணி நேரம் போனது. இப்போது ஒவ்வொரு டிஸ்க்கும் அதனதன் கேபிளோடும், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிய சீட்டோடும், ஒரு சிலிக்கா பொட்டலத்தோடும் ஜிப் பைக்குள் இருக்கிறது.