அறையின் எதிர்முழக்க நேரத்தைக் கணக்கிடும் முறை

ஒலி மூலம் நின்ற பின் அறையில் எஞ்சும் முழக்கம் 60 டெசிபல் குறைவதற்கு, அதாவது ஒலியாற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகத் தேய்வதற்கு ஆகும் காலமே எதிர்முழக்க நேரம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியக விரிவுரைக் கூடத்தில் பேச்சு புரியவில்லை என்ற குறையை 1895 முதல் ஆராய்ந்த இயற்பியலாளர் வாலஸ் சபைன், சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, ஆர்கன் குழலின் ஒலி அடங்கும் நேரத்தை அளந்தே தமது வாய்பாட்டை அடைந்தார்.

அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த ஒலி உட்கவர்ச்சியால் வகுத்தால் நேரம் வினாடிகளில் கிடைக்கும். அடிக் கணக்கில் அளந்திருந்தால் 0.161க்குப் பதிலாக 0.049 கொள்ள வேண்டும். உட்கவர்ச்சியைப் பெற, ஒவ்வொரு பரப்பையும் அதன் உட்கவர் எண்ணால் (விழும் ஒலியில் திரும்பாமல் உறிஞ்சப்படும் பங்கு) பெருக்கிக் கூட்டுக. திறந்த சன்னலில் விழும் ஒலி திரும்பாது என்பதால் அதன் எண் 1; பூச்சுச் சுவருக்கும் சிமெண்ட் தரைக்கும் அது மிகச் சிறியது.

9 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள வெற்று வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். கன அளவு 162 கன மீட்டர். மொத்தப் பரப்பு 198 சதுர மீட்டர். சராசரி உட்கவர் எண் 0.03 எனில் உட்கவர்ச்சி 5.94 ஆகவும், எதிர்முழக்க நேரம் 4.4 வினாடியாகவும் வரும். ஆளுக்கு 0.4 சதுர மீட்டர் உட்கவர்ச்சி வீதம் 30 மாணவர்களைச் சேர்த்தால் அது 1.45 வினாடியாகிறது. ஆளில்லாத அறையிலேயே, கூரைக்கு மட்டும் 0.7 எண் கொண்ட கனிம நார்ப் பலகை பொருத்தினால் 0.62 வினாடிக்கு இறங்கிவிடும். பேச்சுக்கு 0.6 வினாடியளவு ஏற்றது. இசைக்குழு அரங்கங்களில் 2 வினாடியை ஒட்டிய மதிப்பே விரும்பப்படுகிறது.

உட்கவர்ச்சி முழுவதும் கூரையிலேயே குவிந்திருந்தால், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி தொடர்ந்து மோதித் திரும்புவதால், உண்மை நேரம் கணக்கை மிஞ்சும். ஆகவே பலகையில் ஒரு பகுதியைச் சுவருக்கும் ஒதுக்குவதே என் பரிந்துரை. மேலும், உட்கவர் எண் அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறுவதால், 125, 500, 2000 ஹெர்ட்ஸ் ஆகியவற்றுக்குத் தனித்தனியே கணக்கிட வேண்டும். மெல்லிய திரைச்சீலை உயர் ஒலிகளை மட்டுமே அடக்கும். தாழ் ஒலிகளின் இரைச்சல் அப்படியே நிற்கும். முட்டை அட்டைகளை ஒட்டுவதால் (பலரும் இன்னும் ஒட்டுகிறார்கள்) குறிப்பிடத்தக்க பயனில்லை.

கணக்கைச் சரிபார்க்க, பலூனை உடைத்து அந்த ஒலியைப் பதிவு செய்க. பின்னணி இரைச்சலால் 60 டெசிபல் சரிவு முழுதும் தெரியாது. எனவே முதல் 5 டெசிபலை விட்டுவிட்டு, அடுத்த 20 டெசிபல் சரிய ஆகும் நேரத்தை மூன்றால் பெருக்கினால் போதும்.