அயர்லாந்தும் டென்மார்க்கும்: போட்டித்திறனை ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியவை

அயர்லாந்தையும் டென்மார்க்கையும் ஒப்பிடுவது பார்வைக்கு எளிதாகத் தோன்றும். இரண்டும் 1973 ஜனவரி 1 அன்று ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தவை. அயர்லாந்தில் 50 லட்சத்துக்குச் சற்று அதிகமானோரும் டென்மார்க்கில் ஏறத்தாழ 60 லட்சம் பேரும் வாழ்கின்றனர். பெரிய உள்நாட்டுச் சந்தை இல்லாததால் இரண்டுமே ஏற்றுமதியை நம்பி வளர்ந்தவை. இருந்தும், மொத்த உள்நாட்டு உற்பத்தியைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்து, பெரிய எண் உள்ள நாடே முன்னணியில் இருக்கிறது என்று எழுதிவிட்டால், ஒப்பீடு முதல் வரியிலேயே தவறிவிடும்.

புள்ளிவிவரங்களைத் திரட்டுவதற்கு முன்னர், போட்டித்திறன் என்ற சொல்லை எந்தப் பொருளில் கையாளப்போகிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்வது நல்லது. ஒரு பொருளை மற்றவர்களைவிடக் குறைந்த செலவில் செய்து விற்கும் திறன் என்று சிலர் கொள்வர்; வெளிநாட்டு முதலீட்டை ஈர்க்கும் திறன் என்று சிலர்; குடிமக்களுக்கு உயர்ந்த வாழ்க்கைத் தரத்தை நெடுங்காலம் தரும் திறன் என்று வேறு சிலர். முதலீட்டை ஈர்ப்பதே அளவுகோல் என்றால் அயர்லாந்தின் பக்கம் வலுவான சான்றுகள் கிடைக்கும். வாழ்க்கைத் தரமே அளவுகோல் என்றால் தராசு டென்மார்க்கின் பக்கம் சாயும்.

அடுத்து, எந்த எண்ணை அடிப்படையாகக் கொள்கிறோம் என்பதைச் சோதிக்க வேண்டும். இந்த இரு நாடுகளைப் பொறுத்தவரை இதற்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும். 2015ஆம் ஆண்டில் அயர்லாந்தின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 26 சதவீதத்துக்கு மேல் வளர்ந்ததாக அந்நாட்டின் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் 2016 ஜூலையில் அறிவித்தது. அந்த ஓராண்டில் நாட்டு மக்கள் கால் பங்கு கூடுதலாக உழைத்துவிடவில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமை போன்ற அறிவுசார் சொத்துகளை அயர்லாந்துக் கணக்குக்கு மாற்றியதும், குத்தகைக்கு விடப்படும் விமானங்கள் அங்கே பதிவானதுமே அந்த வளர்ச்சியில் பெரும்பகுதி. பொருளியல் அறிஞர் பால் குருக்மன் இதைக் கேலி செய்ய, புள்ளியியல் அலுவலகமும் 2017இல் மாற்றியமைக்கப்பட்ட மொத்த தேசிய வருமானம் என்ற தனி அளவையை வெளியிடத் தொடங்கியது. வெளிநாட்டினருக்குச் சொந்தமான அறிவுசார் சொத்துகளின் தேய்மானம், குத்தகை விமானங்களின் தேய்மானம், தலைமையகத்தை மட்டும் அயர்லாந்துக்கு மாற்றிக்கொண்ட நிறுவனங்களின் இலாபம் ஆகியவற்றை அது கழித்துவிடுகிறது. அண்மை ஆண்டுகளில் இந்த அளவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் பாதியைவிடச் சற்றே அதிகமாக மட்டுமே இருந்து வருகிறது.

டென்மார்க்கில் நிலைமை நேர்மாறானது. டேனியர்கள் வெளிநாடுகளில் செய்துள்ள முதலீடுகளிலிருந்து வருமானம் திரும்பி வருவதால், அங்கே தேசிய வருமானம் உள்நாட்டு உற்பத்தியைவிடச் சற்று அதிகம். எனவே இரு நாடுகளுக்கும் மொத்த உள்நாட்டு உற்பத்தியையே பயன்படுத்தினால், ஒரு நாட்டை ஊதிப் பெரிதாக்கி மற்றதைக் கொஞ்சம் குறைத்துக் காட்டியவர்களாவோம். அயர்லாந்துக்கு மாற்றியமைக்கப்பட்ட தேசிய வருமானத்தையும் டென்மார்க்குக்கு வழக்கமான தேசிய வருமானத்தையும் எடுத்துக்கொண்டு, அவ்வாறு எடுத்ததைக் கட்டுரையிலேயே சொல்லிவிட வேண்டும். அரசுக் கடனுக்கும் இதே விதி பொருந்தும்: 2023 இறுதியில் அயர்லாந்தின் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 43 சதவீதம், மாற்றியமைக்கப்பட்ட வருமானத்தை வைத்துப் பார்த்தால் அது 75 சதவீதத்தை ஒட்டி நின்றது.

இவ்வளவு திருத்தம் செய்ய நேரம் இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. குடும்பங்கள் தாமே வாங்குவனவற்றையும் அரசு அவர்களுக்கு வழங்கும் கல்வி, மருத்துவம் போன்ற சேவைகளையும் சேர்த்து, விலைவாசி வேறுபாட்டைச் சரிசெய்து, தலைக்கு உண்மையான நுகர்வு எவ்வளவு என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. தலைக்கான உற்பத்தியில் ஐரோப்பிய ஒன்றியச் சராசரியைப் போல் இரண்டு மடங்கைத் தொடும் அயர்லாந்து, இந்தப் பட்டியலில் சராசரியை ஒட்டியே நிற்கிறது. டென்மார்க் சராசரிக்கு மேலே இருக்கிறது. டப்ளினில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு இதில் வியப்பு ஏதும் இருக்காது.

செலவுப் போட்டியை அளக்க விரும்புவோர் அலகு உழைப்புச் செலவைப் பயன்படுத்துவர். ஒரு தொழிலாளிக்கு ஆகும் மொத்த ஊதியச் செலவை அவர் உருவாக்கும் உற்பத்தியால் வகுத்தால் அது கிடைக்கும். ஊதியம் 100, உற்பத்தி 200 என்றால் விகிதம் 0.50. அதே தொழிலாளர்கள், அதே ஊதியம். ஆனால் ஒரு காப்புரிமை இடம்பெயர்ந்து வந்ததால் பதிவாகும் உற்பத்தி 250 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 0.40 ஆகக் குறைகிறது. யாருடைய ஊதியமும் குறையாமல், எந்தத் தொழிற்சாலையும் ஒரு பொருளைக்கூடக் கூடுதலாகச் செய்யாமல், நாடு 20 சதவீதம் மலிவாகிவிட்டதாகக் கணக்கு காட்டும். 2015க்குப் பிந்தைய அயர்லாந்து வரைபடங்களில் தென்படும் செங்குத்தான சரிவுக்கு முதன்மைக் காரணம் இதுதான். ஆகவே பன்னாட்டு நிறுவனங்கள் மேலோங்கிய துறைகளையும் மற்றத் துறைகளையும் பிரித்துத் தரும் அட்டவணைகளைத் தேடி, பிந்தையவற்றை டென்மார்க்குடன் ஒப்பிடுவதே நேர்மையானது.

நாணயத்தைப் பற்றி எழுதும்போது பலர் ஒரு தவறு செய்கின்றனர். அயர்லாந்து யூரோவை ஏற்றது. டென்மார்க் 2000 செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் அதை நிராகரித்தது. ஆகவே டென்மார்க்குத் தன் நாணய மதிப்பைக் குறைத்து ஏற்றுமதியைப் பெருக்கும் வாய்ப்பு உண்டு என்று அவர்கள் முடிவுகட்டுகின்றனர். நடைமுறையில் அப்படி இல்லை. ஒரு யூரோவுக்கு 7.46038 குரோனர் என்ற மைய விகிதத்தைச் சுற்றி 2.25 சதவீதத்துக்கு மேல் நகராதபடி டேனிய நாணயம் கட்டப்பட்டிருக்கிறது. உண்மையில் அந்த எல்லையைக்கூட அது நெருங்குவதில்லை. டாலருக்கு எதிராக இரு நாடுகளும் ஏறக்குறைய ஒன்றாகவே ஏறி இறங்குகின்றன. வேறுபாடு வருவது வணிகக் கூட்டாளிகளிடமிருந்து: பிரிட்டிஷ் பவுண்டு 2016இல் சரிந்தபோது அடி பட்டது அயர்லாந்தின் உணவு ஏற்றுமதியாளர்களுக்கு, சுவீடன், நார்வே நாணயங்கள் தளரும்போது நெருக்கடி டென்மார்க்குக்கு. வணிகக் கூட்டாளிகளின் நாணயங்களோடு சேர்த்து ஒரு நாணயத்தின் மதிப்பை அளக்கும் மாற்று விகிதக் குறியீட்டைப் பார்க்கும்போது, எந்த நாட்டு வணிகத்துக்கு எவ்வளவு எடை கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

வரி விகிதத்தில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. நிறுவன வரி டென்மார்க்கில் 22 சதவீதம், அயர்லாந்தில் 12.5 சதவீதம், 2024 முதல் 75 கோடி யூரோவுக்கு மேல் விற்றுமுதல் உள்ள குழுமங்களுக்குக் குறைந்தபட்சம் 15 சதவீதம். இதைவிட முக்கியமானது குவிப்பு. அயர்லாந்தின் நிறுவன வரியில் பாதிக்கு மேல் பத்துப் பெரிய நிறுவனங்களிடமிருந்து வருகிறது. டென்மார்க்குக்கு நோவோ நார்டிஸ்க் என்ற மருந்து நிறுவனம் ஒற்றைப் பெருமரம். 2023இல் அதன் பங்குச் சந்தை மதிப்பு நாட்டின் ஆண்டு உற்பத்தியையே தாண்டியது என்று செய்திகள் வந்தன. அந்தத் தலைப்பை அப்படியே எடுத்தாள வேண்டாம்: ஒன்று சொத்தின் மதிப்பு, மற்றது ஓராண்டு வருமானம், இரண்டும் ஒரே தராசில் ஏறாதவை. டென்மார்க்கின் ஏற்றுமதிக் கணக்கிலும் ஒரு கண் வேண்டும், ஏனெனில் டேனிய நிறுவனங்கள் வெளிநாட்டில் செய்து வெளிநாட்டிலேயே விற்கும் பொருள்கள், டேனிய மண்ணைத் தொடாமலேயே அதில் சேர்கின்றன.

உலகத் தரவரிசைகளைக் கடைசியில் பார்ப்பதே நலம். 2019ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டால், உலகப் பொருளாதார மன்றத்தின் போட்டித்திறன் பட்டியலில் டென்மார்க் 10ஆம் இடத்திலும் அயர்லாந்து 24ஆம் இடத்திலும் இருந்தன. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள ஐஎம்டி என்ற நிர்வாகவியல் கல்வி நிறுவனம் அயர்லாந்தை 7ஆம் இடத்திலும் டென்மார்க்கை 8ஆம் இடத்திலும் வைத்தது. நாடுகள் மாறவில்லை, எடைகள் மாறின. ஐஎம்டியின் கணக்கில் அதிகாரப்பூர்வப் புள்ளிவிவரங்களுடன் தொழில் நிர்வாகிகளின் கருத்துக் கணிப்பும் சேர்கிறது. பின்னர் 2023இல் டென்மார்க் முதலிடமும் அயர்லாந்து இரண்டாம் இடமும் பெற்றன. ஓரிட வேறுபாட்டுக்குப் பொருள் கற்பிப்பதைவிட, உள்கட்டமைப்பு, அரசின் செயல்திறன் போன்ற உட்பிரிவுகளில் எங்கே இடைவெளி விரிகிறது என்று பார்ப்பது பயன் தரும். உலக வங்கியின் தொழில் நடத்தும் எளிமைப் பட்டியல், தரவுக் குளறுபடிகள் வெளிவந்ததால் 2021 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. பழைய எண்களை அதிலிருந்து எடுத்துப் புதியவற்றுடன் கலக்கக் கூடாது.

ஒவ்வொரு எண்ணுக்கும் அருகில் அதை எடுத்த தேதியைக் குறித்து வைக்க வேண்டும். தேசியக் கணக்குகள் ஆண்டுதோறும் திருத்தப்படுகின்றன. அயர்லாந்தின் 2015 வளர்ச்சி விகிதமும் முதல் அறிவிப்புக்குப் பின்னர் திருத்தப்பட்டது. வெவ்வேறு ஆண்டுகளில் இறக்கிய இரண்டு கோப்புகளிலிருந்து ஆளுக்கொரு நாட்டின் எண்ணை எடுத்து ஒரே அட்டவணையில் இட்டால், பிழை எங்கே நுழைந்தது என்று பிறகு தேடவும் வழியிருக்காது.